போன எண்ணெய் திரும்பி வரணும்

வலது கை முழுக்க டூத் பேஸ்ட் பூசிக்கிட்டு ஒரு தம்பி எமர்ஜென்சிக்கு வந்தார். வயசு இருபத்து நாலு. முழங்கையிலிருந்து விரல் வரை கொப்புளம். பேஸ்ட்டைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

"என்னப்பா ஆச்சு?"

"ஆயில் லைன் சார். சின்ன லைன்தான் சார். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது."

நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய வி6 எஞ்சினுக்கு இரண்டு டர்போ மாட்டியிருக்கிறார். டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கான கார். ஆறு மாத உழைப்பு. முதல் ஸ்டார்ட். டர்போவுக்கு எண்ணெய் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உரசி உருகிவிட்டது. எண்ணெய் பீய்ச்சி அடித்தது, தீப்பிடித்தது. ஹோஸைப் பிடுங்கி எறியலாம் என்று இவர் கையை உள்ளே விட்டிருக்கிறார்.

நான் மெக்கானிக் கிடையாது நண்பர்களே. ஆனால் ட்ரெஸ்ஸிங் மாற்ற வரும்போதெல்லாம் அந்தத் தம்பி அந்தக் குழாயைப் பற்றியே பேசினார். அவர் பேசுவது எனக்குப் புரியணுமே என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது எனக்கு ரொம்பப் பழக்கமான கதை என்று தெரிந்தது. ரத்த ஓட்டத்தின் கதைதான் இது.

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒன்று போட்டுக்கிட்டு வாங்க.

முதலில் எங்க ஏரியாவிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, அது உடம்பெல்லாம் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது என்று சொல்லி வைத்தார். ஏறக்குறைய 1,400 வருஷம் உலகம் அதை நம்பியது. ரத்தம் போகுது, சரி. போன ரத்தம் என்ன ஆச்சு? கேட்க ஆளில்லை.

இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற பேராசிரியர் சிரைகளுக்குள் குட்டிக் குட்டி வால்வுகள் இருப்பதைப் பார்த்து 1603-ல் எழுதினார். ஆனால் அவருக்கும் அது எதற்கு என்று பிடிபடவில்லை. வெளியே போகும் ரத்தத்தின் வேகத்தைக் குறைக்கத்தான் வால்வு என்று நினைத்தார்.

அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இதயம் இவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் இத்தனை துடிப்பு. பெருக்கினால் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் தாண்டிப் போகிறது! அப்படியென்றால் அது செலவாக முடியாது, திரும்பி வந்தே ஆக வேண்டும். 1628-ல் புத்தகமாக வெளியிட்டார். நவீன மருத்துவம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இதை ஏன் சொல்றேன் தெரியுமா? எஞ்சின்காரர்களும் அதே தப்பைச் செய்தார்கள். அவர்களும் அதே பாடத்தைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப் போர் விமானங்களில் நோம், லெ ரோன் என்ற பிரெஞ்சு ரோட்டரி எஞ்சின்கள் பிரபலம். நடுத்தண்டு அசையாமல் நிற்க, மொத்த எஞ்சினும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றிய எண்ணெய் எது தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய்! பெட்ரோலில் சுலபமாகக் கரையாது, சூட்டையும் தாங்கும் என்பதால் ஆமணக்கு எண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆமணக்கு விதைக்குப் பெரிய ஊற்றாக இருந்தது இந்தியா.

அந்த எஞ்சின்களில் திரும்பி வரும் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. உள்ளே போகும் எண்ணெய் வேலையை முடித்துவிட்டு எக்ஸாஸ்ட்டோடு வெளியே தெறித்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பைலட்டின் கண்ணாடியில், முகத்தில், வாயில் எல்லாம் விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்கள். பல பைலட்டுகள் அந்தப் பாட்டை அனுபவித்ததாகச் சொல்வார்கள்.

போரின் போக்கில் எஞ்சின்களின் சக்தி கூடக் கூட, எண்ணெயைச் சுழற்சியாக ஓடவிடும் எஞ்சின்கள் ஜெயித்தன. பம்ப் தள்ளும், எண்ணெய் வேலையை முடிக்கும், அடியில் இருக்கும் தொட்டிக்குத் திரும்பும், மறுபடியும் பம்ப். ஹார்வியின் வட்டம் எஞ்சினுக்குள் வந்துவிட்டது.

இப்போ டர்போவுக்கு வருவோம்.

எஞ்சின் வெளியே விடும் புகையில் நிறையச் சக்தி வீணாகப் போகிறது. அந்தப் புகையை வைத்து ஒரு விசிறியைச் சுற்றினால், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக பவர். அவ்ளோதான் டர்போ.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி இதற்கு 1905-ல் காப்புரிமை கேட்டார். யோசனை காகிதத்தில் இருந்து நடைமுறைக்கு வர இருபது வருஷம் ஆனது. 1920-களின் நடுவில் ஜெர்மனியின் 'ப்ராய்சன்', 'ஹன்ஸெஷ்டாட் டான்ஸிக்' என்ற பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் டர்போவால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு ஏறின.

இதற்கிடையே அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், 1918-ல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேலே. காற்று மெலிந்து, சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும் இடம். டர்போ மாட்டிய எஞ்சின் கடல் மட்டத்தில் கொடுக்கும் பவரை அங்கேயும் கொடுத்தது. ஆக்சிஜன் மாஸ்க் போட்ட நோயாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, இதில் எண்ணெய் எங்கே வருகிறது?

இன்றைய கார் டர்போவின் தண்டு ஒரு பென்சில் தடிமன்தான் இருக்கும். நிமிஷத்துக்கு 1,20,000 சுற்று சர்வ சாதாரணம். அதாவது நொடிக்கு 2,000 சுற்று! அதன் ஒரு பக்கம் 900 டிகிரி வரை போகும் புகை. மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது தலைமுடியை விட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். தண்டு உண்மையில் எண்ணெயில் மிதக்கிறது. எண்ணெய் நின்றால் உலோகம் உலோகத்தைத் தொடும். பிறகு சில நொடிகள்தான். பேரிங் போச்சு.

கப்பலில் இது பெரிய பிரச்சனை இல்லை. எஞ்சின் நாள்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். எண்ணெய் அழுத்தத்தையும் சூட்டையும் கவனிக்கவே ஷிஃப்ட் போட்டு ஆட்கள் நிற்பார்கள். நிறுத்துவதற்கு முன் மெதுவாக ஆறவிடுவார்கள்.

காரில் யார் இருக்கிறார்கள்? ஒரு டிரைவர், ஒரு சாவி. அவ்வளவுதான். அவருக்கு அவசரம் வேறு.

அமெரிக்காவில் 1962-லேயே டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் இரட்டை டர்போவை உலகம் வாயைப் பிளந்து பார்த்தது ரேஸ் களத்தில்தான்.

கேன்-ஆம் என்ற வட அமெரிக்கப் பந்தயத்தில் எஞ்சின் அளவுக்கு வரம்பே இல்லை. அமெரிக்க வி8 எஞ்சின்கள் எட்டு லிட்டரைத் தொட்டன. போர்ஷே 16 சிலிண்டர் எஞ்சினைச் செய்து பார்த்துவிட்டு அதை ஓரங்கட்டியது. தன் 917 காரின் 12 சிலிண்டர் எஞ்சினுக்கு, ஒரு பக்க சிலிண்டர்களுக்கு ஒன்று என்று இரண்டு டர்போ மாட்டியது.

ஏன் இரண்டு? சிலிண்டர்கள் இரு பக்கமாகப் பிரிந்திருக்கும் எஞ்சினில் புகையும் இரு பக்கமாக வருகிறது. அதோடு, பெரிய டர்போ ஒன்று வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். சின்ன டர்போ இரண்டு சட்டென்று சுழல ஆரம்பிக்கும்.

1972-ல் ஜார்ஜ் ஃபால்மர் 917/10 காரில் பட்டம் வென்றார். 1973-ல் மார்க் டொனஹ்யூ 917/30 காரில் எட்டுப் பந்தயத்தில் ஆறை ஜெயித்தார். 5.4 லிட்டர், சுமார் 1,100 குதிரைத்திறன். ஆனால் அங்கேயும் கப்பல் மாதிரி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் பார்க்க ஒரு படையே இருந்தது.

அடுத்து போர்ஷே அந்த வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1974 பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ. இதில் ஒரே ஒரு டர்போதான், ஆனால் அது பின்பக்கம் ரொம்பத் தாழ்வாகத் தொங்குகிறது. எண்ணெய்த் தொட்டியோ அதைவிட மேலே. மேலிருந்து கீழே எண்ணெயைக் கொண்டுவருவது சுலபம். கீழே வந்தது மேலே எப்படிப் போகும்?

இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. டர்போவிலிருந்து வடியும் எண்ணெயை ஒரு சின்னத் தொட்டியில் பிடித்து, அதை மேலே இழுத்து அனுப்புவதற்கென்றே கேம்ஷாஃப்ட்டால் சுழலும் தனி பம்ப் ஒன்று வைத்தார்கள்.

உங்கள் காலிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. பாதத்துக்குப் போன ரத்தம் நாலடி மேலே இருக்கும் இதயத்துக்கு எப்படி ஏறும்? கெண்டைக்கால் தசை நடக்கும்போதெல்லாம் சிரையைப் பிழிந்து மேலே தள்ளும். ஃபாப்ரிசியஸ் பார்த்த வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாது. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று நாங்கள் சொல்வது அதனால்தான். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் வீங்குவதும் அதனால்தான்.

1981 டிசம்பரில் இத்தாலியின் மஸெராட்டி, 'பைடர்போ' என்ற காரை அறிமுகம் செய்தது. தயாரிப்பு வரிசையில் வந்த முதல் இரட்டை டர்போ கார். காரணம் பந்தயம் இல்லீங்க, வரி! அன்றைய இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் எஞ்சினை இரண்டு லிட்டருக்குள் சுருக்கி, பவருக்கு ஜப்பானின் ஐஹெச்ஐ டர்போ இரண்டு மாட்டினார்கள். 180 குதிரைத்திறன். விலையும் மஸெராட்டிக்குக் குறைவு. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் புகார்கள் குவிந்தன. அதில் ஒன்று டர்போ.

என்ன நடந்தது? ஆரம்ப மாடல்களில் டர்போவின் நடுப்பகுதியைக் குளிர்விக்க ஓடும் எண்ணெய் மட்டுமே இருந்தது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து வீட்டு வாசலில் சாவியைத் திருகினால் எஞ்சின் நிற்கும். எஞ்சினோடு பம்ப்பும் நிற்கும். ஆனால் பழுக்கக் காய்ந்த டர்பைன் உடம்பு நிற்காது! அதன் சூடு மெல்ல பேரிங் பக்கம் ஊறும். அங்கே அசையாமல் நிற்கும் கொஞ்சம் எண்ணெய் கருகிக் கரியாகும். தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டால் ஓரத்தில் எண்ணெய் பிசுக்கு இறுகிக் கறுப்பாகுமே, அதே சமாச்சாரம்.

ஒவ்வொரு முறையும் துளித்துளியாகக் கரி. வழி சுருங்கும். வரும் எண்ணெய் குறையும். ஒரு நாள் பேரிங் போகும். ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து ஒரு நாள் மாரடைப்பு வருவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் சொந்தக்காரர் சொல்வது ஒரே வசனம்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்."

நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள் என்று கம்பெனிகள் சொல்லிப் பார்த்தன. நம்ம ஊர் பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிய பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவதன் காரணமும் இதுதான். ஆனால் அவசரத்தில் இருக்கும் மனிதன் கேட்பானா? எண்பதுகளில் ஒவ்வொரு கம்பெனியாக டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட ஆரம்பித்தார்கள். மஸெராட்டியும் பிற்பாடு அதற்கு வந்தது. எஞ்சின் நின்ற பிறகும் சூட்டில் தண்ணீர் தானாக நகர்ந்து சூட்டை எடுத்துப் போகும். மனிதனைத் திருத்துவதை விடக் குழாயைத் திருத்துவது எளிது என்று புரிந்துகொண்டார்கள். பொது சுகாதாரத்தில் இருக்கும் நாங்களும் பல இடங்களில் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறோம்.

அடுத்தது அந்தத் தம்பியின் செல்போன் வால்பேப்பரில் இருந்த கார்.

அமெரிக்காவில் ரீவ்ஸ் காலவே என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் லைம் ஊரில் ஒரு பட்டறை வைத்திருந்தார். 1987-லிருந்து 1991 வரை செவர்லே ஷோரூமில் நீங்கள் கார்வெட் வாங்கும்போது 'பி2கே' என்று குறித்துக் கொடுத்தால் போதும். கார் தொழிற்சாலையிலிருந்து அவர் பட்டறைக்குப் போகும். இரட்டை டர்போவோடு உங்களிடம் வரும். சுமார் 500 கார்கள் அப்படி மாற்றப்பட்டன.

1988 அக்டோபரில் அவருடைய 'ஸ்லெட்ஜ்ஹாமர்' என்ற இரட்டை டர்போ கார்வெட், ஓஹையோவில் மணிக்கு 254.76 மைல் தொட்டது. ஏறக்குறைய 410 கிலோமீட்டர்! அந்தக் காரை லாரியில் ஏற்றாமல் சாலையிலேயே ஓட்டிப் போய், சாதனை முடித்து, ஓட்டியே திரும்பி வந்தார்கள்.

பத்திரிகைகளில் பளபளக்கும் இரண்டு டர்போக்கள் படமாக வந்தன. உலகம் முழுக்கப் பையன்கள் அதைப் பார்த்துக் கனவு கண்டார்கள். ஆனால் எஞ்சினை வெளியே எடுத்து, பிஸ்டன் வரை மாற்றி, அடியில் குழாய் குழாயாக இழுத்த வேலை எந்தப் போஸ்டரிலும் வரவில்லை.

நம்ம தம்பியும் அப்படித்தான். டர்போவுக்கு லட்சக்கணக்கில் செலவு. ஹோஸ் வாங்கியது பக்கத்துக் கடையில்.

அவர் சொல்லி, நான் படித்துச் சரிபார்த்துப் புரிந்துகொண்டதை எங்கள் மொழியில் சொல்கிறேன்.

தமனி. இது எண்ணெய் போகும் வழி. எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் பார்க்கும் சென்ஸார் இருக்கும் துளையிலிருந்து ஒரு 'டி' வைத்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு டர்போவுக்குக் கொடுப்பார்கள். குழாய் மெல்லியதுதான், உள்ளே சில மில்லிமீட்டர். ஆனால் முழு அழுத்தமும் அதில் இருக்கிறது. வெட்டுப்பட்டால் தமனி மாதிரியே பீய்ச்சும். சாதாரண எஞ்சின் ஆயில் இருநூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே பற்றக்கூடிய ஆவியை விடும். மேனிஃபோல்டின் சூடோ அதைப் போல மூன்று மடங்கு.

அதனால்தான் இங்கே ரப்பர் கூடாது. உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டும். டெஃப்லான் 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. இதை இணைக்கும் 'ஏ.என்.' ஃபிட்டிங்குகளும் போர்க்காலப் பிள்ளைகளே. ஆர்மி, நேவி இரண்டும் ஒரே அளவில் விமானக் குழாய்களை மாட்டுவதற்காக வகுத்துக்கொண்ட தரம் அது.

நுண்தமனி. இது ரெஸ்ட்ரிக்டர். பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் அதிகம் தேவையில்லை. அதனால் நுழைவாயிலில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை வைப்பார்கள். அதிக அழுத்தம் உறுப்பைக் கெடுக்கும் என்பது பி.பி. நோயாளிக்கு நான் தினமும் சொல்வது. இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது என்பதும் இதற்காகத்தான். ஒரு பிசிறு கழன்று ஓடி வந்து இந்தத் துளையில் உட்கார்ந்தால் முடிந்தது. நாங்கள் அதை எம்பாலிசம் என்போம்.

சிரை. இது எண்ணெய் திரும்பும் வழி. எல்லோரும் கோட்டைவிடும் இடம். டர்போவை விட்டு வெளியே வரும் எண்ணெயில் அழுத்தமே கிடையாது. நுரைத்துப்போய், புவியீர்ப்பை மட்டும் நம்பி இறங்குகிறது. அதனால் போகும் குழாயை விட வரும் குழாய் பல மடங்கு பெரிதாக இருக்கணும். முடிந்தவரை செங்குத்தாக இறங்கணும். நடுவில் தொங்கல், மடிப்பு கூடாது. அடித்தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரணும். இரண்டு டர்போ என்றால் இரண்டுக்கும் தனித்தனி வழி கொடுப்பதே பத்திரம். டர்போ ரொம்பத் தாழ்வாக இருந்தால் போர்ஷே மாதிரி தனி பம்ப் வேணும்.

திரும்பும் வழி அடைத்தால் என்ன ஆகும்? டர்போவின் சீல் ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரியான வளையம். உள்ளே எண்ணெய் தேங்கினால் அதைத் தாண்டிக் கசிந்துவிடும். நீலப்புகை வரும். "டர்போ போச்சு" என்று புதுசு மாட்டுவார்கள். அதுவும் புகைவிடும். இன்னொன்று மாட்டுவார்கள்.

கால் வீங்கி வருபவருக்குக் காலில் மருந்து தடவி அனுப்புவது மாதிரி இது. கோளாறு கால்லயா? இதயத்திலா, சிரையிலா, சிறுநீரகத்திலா என்று பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் வீக்கம் எங்கே வடியும்?

ஹார்வி கேட்ட கேள்வியை ஒவ்வொரு பட்டறையும் ஒரு முறை கேட்டால் போதும் நண்பர்களே. போனது எப்படித் திரும்பி வரும்?

இப்போ டாக்டராகச் சில வார்த்தைகள்.

தீக்காயம் பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச்சை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள், அது நின்றால்தான் பம்ப் நிற்கும், பீய்ச்சல் நிற்கும். டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் முதல் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. நம்ம நாட்டில் ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்காது. இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும்.

கடைசி ரிவ்யூவுக்கு அந்தத் தம்பி வந்தார். கை ஆறிவிட்டது. இரண்டு விரல் மடக்குவதில் கொஞ்சம் இறுக்கம். பிஸியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பானர் பிடிக்க இன்னும் சில மாதம் ஆகும்.

செல்போனை நீட்டினார். வால்பேப்பர் மாறியிருந்தது. சிவப்பு கார்வெட் போய், காருக்கு அடியில் படுத்து எடுத்த ஒரு மங்கலான படம்.

"பாருங்க சார். ரெண்டு டிரெயினும் தனித்தனி. நேரா கீழ இறங்குது. நான் சொல்லச் சொல்ல ஃப்ரெண்டு மாட்டினான்."

"ஸ்டார்ட் பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல சார். ஃபயர் எக்ஸ்டிங்விஷர் ஆர்டர் போட்டிருக்கேன். வந்த அப்புறம்தான்."

ஃபீஸ் வாங்கலைங்க.